யார் நாக்கில் அதிகாரம்?

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்பக்கம் ஒரு ஷீட்டுக் கொட்டகை. அதுதான் எங்கம்மா போகிற சபை. ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, 2019ல் பூங்காவாகத் திறந்த பிறகு அந்தப் பக்கம் காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்க வருகிறவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை எங்க மைக் சத்தம் அவர்கள் காதிலும் விழும். விழட்டும்.

ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் அம்மா எழுந்து நின்றாள். சாட்சி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வாரம் தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சபை முன்னால் சொல்வது. படித்தவன் படிக்காதவன் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அம்மா பேசியது இது:

"தோத்தரம். ஒரு மாசமா காலு வீங்கிக்கீது. வேல செய்ற வூட்ல குடிக்கத் தண்ணி கேட்டா பாட்டில கீய வெச்சிட்டு எட்த்துக்கோன்றாங்க. கைல குடுக்க மாட்டன்றாங்க. பதினோரு வர்சமா அந்த வூட்லதான் செய்றன். ஏசப்பாதான் பாத்துக்கணும்."

பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். "அம்மா, தோல்விய அறிக்க பண்ணாதீங்க. வாயில என்ன வருதோ அதுதான் வாழ்க்கையில வரும். 'நான் ராஜாவின் பிள்ளை, நான் சுகமாயிருக்கிறேன்'னு மூணு வாட்டி சொல்லுங்க." அம்மா மூன்று தடவை சொன்னாள். கை தட்டினார்கள். கீபோர்டு வாசித்தார்கள்.

மறுநாள் ராத்திரி சோறு போடும்போது அம்மா சிரித்தாள். "ராஜா பொண்ணுன்னு சொல்லிட்டு வந்தனா, காத்தால போயி அந்த வூட்டு கக்கூஸத்தான் கய்வுனன்."

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். தேவசாஸ்திரம் படித்தவனல்ல நான். ஆனால் தலித் எழுத்தைப் படிக்கிறவன், அதிலும் பேச்சு எப்படி எழுத்தாகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கிறவன். வாய்ச்சொல்லுக்கு வல்லமை உண்டு என்கிற போதனையை அந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. இந்தப் போதனை நம்ம ஏரிக்கரையில் முளைத்ததல்ல. அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன் என்று ஒருவர், 1948ல் இறந்துபோனவர், விசுவாசத்தை வாயால் சொன்னால் அது கைகூடும் என்று எழுதினார். அவருக்குப் பிறகு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவைச் சேர்ந்த கென்னத் ஹேகின் (1917 - 2003) அதை உலகம் பூராவும் கொண்டுபோனார். ஹேகின் எழுதியதில் பல பகுதிகள் கென்யனின் வரிகளே என்று மெக்கானல் என்கிற ஆய்வாளர் 1988ல் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டினார். நமக்கு அது முதலில் கேசட்டில் வந்தது, அப்புறம் டி.வி.யில், இப்போது செல்போனில். நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் 21ஆம் வசனமும் மாற்கு 11:23ம் அதற்கு ஆதாரம். சாவும் வாழ்வும் நாக்கின் கையில் இருக்கிறது, மலையைப் பார்த்துப் போ என்றால் போகும் என்று சாரம். எழுதப்பட்ட வசனம் 'லோகோஸ்', வாயில் வரும் வசனம் 'ரேமா' என்று கிரேக்கத்தையும் இழுப்பார்கள். புதிய ஏற்பாடு அந்த இரண்டு சொல்லையும் அப்படிக் கோடு கிழித்துப் பயன்படுத்தவில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள்.

இதோடு நிறுத்திவிட்டு, ஏகாதிபத்திய இறக்குமதி, மூடநம்பிக்கை என்று முத்திரை குத்திவிட்டுப் போகலாம். நம்ம தோழர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சபைகளுக்கு ஏன் நம்ம சனம் கூட்டங்கூட்டமாய்ப் போகிறது? கல் கட்டடக் கோயில்களில் பின்வரிசையும் தனிக் கல்லறையும்தான் நமக்குக் கிடைத்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706ல் வந்திறங்கி எழுப்பிய முதல் சபையிலேயே சூத்திரக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், பறையர்களுக்கு ஒரு பக்கம். ஷீட்டுக் கொட்டகையில் அது இல்லை. பாயில் எல்லாரும் ஒன்றாய் உட்காருகிறார்கள். அதைவிடப் பெரிசு, அங்கே ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசலாம். ரெண்டாம் கிளாஸ் தாண்டாத பெண் அதிகாரத்தோடு வாயைத் திறக்கிறாள். அவள் பேசுவதில் பிழை கண்டுபிடிக்க எந்தப் புலவனுக்கும் வழியில்லை, ஏனென்றால் அந்தப் பாஷைக்கு இலக்கணமே கிடையாது. இப்படி ஒரு சுதந்திரத்தை வேறு யார் அவளுக்குக் கொடுத்தார்கள்? நம்ம இயக்க மேடைகளில் எத்தனை பெண்கள் மைக்கைத் தொட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

அதனால் வாய்ச்சொல்லுக்கு வல்லமை இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. உண்டு. அது இந்த மண்ணுக்கு நல்லாத் தெரியும். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உலோகத்தை உருக்கி ஊற்று, ஓதினால் நாக்கை அறு என்று கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. வல்லமை இல்லாத நாக்கை எவனாவது அறுப்பானா? நம்மிடமோ பறை இருந்தது. பறை என்றால் மேளம் மட்டுமல்ல, சொல் என்றும் அர்த்தம். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதுதான் 'பறயுக'. ஊருக்கெல்லாம் சேதி சொன்ன கருவியை இழவுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். சத்தியநாதன் கிளார்க் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி சுற்றிய சேரிகளில் ஊழியம் செய்து, பறையின் ஓசையில் கிறிஸ்துவைக் கேட்கலாம் என்று 1998ல் ஒரு புத்தகமே எழுதினார். எழுத்துக்கு வெளியே தெய்வத்தை வைத்திருந்த சனம் என்று நம்மைப் பார்த்தார். அதை முழுசாய் நான் ஏற்கவில்லை. எழுத்தும் நமக்கு வேண்டும். ஆனால் வாய்ச்சொல்லில் தெய்வம் இருக்கிறது என்று சேரிக்கு யாரும் டல்சாவிலிருந்து வந்து சொல்லவேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆக, கேள்வி வேறே. எந்தச் சொல்லுக்கு வல்லமை? யார் சொன்னால்? எதைச் சொல்லக்கூடாது என்று யார் தீர்மானிப்பது?

இதற்குச் சபையைவிட்டு வெளியே வந்து சட்டத்தைப் பார்க்கவேண்டும். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தை அறிக்கையிடுகிற எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்கிறது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். கவனியுங்கள், நம்புகிறவர் என்றில்லை, அறிக்கையிடுகிறவர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று 1964ல் மேஷ்ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது: வெளிப்படையாகப் பிரகடனம் செய்வது. தமிழில் சொன்னால் பறைசாற்றுவது.

எப்பேர்ப்பட்ட வல்லமை பாருங்கள். 'நான் கிறிஸ்தவன்' என்கிற ரெண்டே சொல். அதைச் சொன்ன மாத்திரத்தில் ஒருவனுடைய ஸ்காலர்ஷிப் போகிறது, தனித்தொகுதி போகிறது, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு போகிறது. தமிழ்நாட்டில் அவன் பிற்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறான். மாறாதது ஒன்றே ஒன்று, கீழே வைத்த தண்ணீர் பாட்டில். மலையைப் பெயர்க்கிற சொல் எது என்று ஹேகினுக்குத் தெரியுமோ தெரியாதோ, சட்டம் எழுதினவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

என் தங்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, எந்த ஆபீஸ் என்று இங்கே வேண்டாம், விசாரிக்க வந்தவர் வீட்டுக்குள் கண்ணை ஓட்டினார். சுவரில் காலண்டர் இருந்தது. "இன்னா சாமி கும்பிடுவீங்க?" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையிடு என்கிறார்கள், திங்கட்கிழமை அறிக்கையிட்டால் பிள்ளை படிப்பு போச்சு. ரெண்டுக்கும் நடுவில் அந்த அஞ்சு நிமிஷம் அவள் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். அவர் கேட்டதற்கு நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்று எழுதமாட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

சூசை வழக்கு இந்த இடத்தில் முக்கியம். சென்னையில் காந்தி இர்வின் சாலை ஓரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாய்ப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்குக் கொடுக்கவில்லை. உச்சநீதிமன்றம்வரை போனார். 1985ல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்று நிரூபிக்கவேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் எங்கள் முன்னால் இல்லை. பிறகு 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது, யாரும் நீக்கவில்லை. 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போகிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, உச்சநீதிமன்றம் அவருக்குச் சான்றிதழ் கிடையாது என்றது.

1985ல் நீதிமன்றம் கேட்டது என்ன? சாட்சி. சபைக்குள்ளே சாதி எப்படி வாழ்கிறது என்று யாராவது வாயைத் திறந்து சொல்லவேண்டும். சொன்னாரா பிஷப்? சொன்னாரா ரெக்டர்? ஏழு வருஷம் கழித்து, 1992ல், கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த ஒரு பெண் சொன்னார். பாமாவின் 'கருக்கு'.

'கருக்கு' பற்றி எழுதாத பேர் இல்லை. தலித் தன்வரலாறு, பெண்ணெழுத்து, வட்டார வழக்கு என்று எல்லா அளவுகோலையும் வைத்து அளந்தாகிவிட்டது. இதெல்லாம் இலக்கியத் தமிழா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், இப்போது அவர்களே பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சாட்சியாக, சபையில் எழுந்து நின்று சொல்கிற அர்த்தத்தில் சாட்சியாக, நாம் படித்தோமா? இலக்கியக்காரர்களுக்கு அதிலுள்ள பூசையும் ஜெபமாலையும் பின்னணி. திருச்சபைக்காரர்களுக்கு அது வீட்டு அழுக்கைத் தெருவில் கொட்டிய புத்தகம். ரெண்டு தரப்பும் தலைப்பையே சரியாகப் பார்க்கவில்லை என்பது என் குறை. பனைமட்டையின் ரெண்டு பக்கத்து ரம்பம்தான் கருக்கு. அதோடு எபிரெயர் நிருபம் 4:12ல் தேவவசனத்தை இருபுறமும் கருக்கான வாளுக்கு ஒப்பிட்டிருப்பதையும் சேர்த்துத்தான் பாமா முன்னுரையில் பேசுகிறார். அதாவது, ஊர்ப் பேச்சில் தான் சொல்லும் அவமானக் கதையைத் தேவவசனத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். இது அலங்காரமல்ல, உரிமை கோருவது. 'தோல்வியை அறிக்கை பண்ணாதே' என்கிற போதனையை இந்தத் தலைப்புக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஒருபக்கம் மழுக்கின கத்தியைக் கையில் கொடுத்து வாள் என்று சொல்வதுபோல் இருக்கிறது. வலியைச் சொல்லாத வாயில் வல்லமை எங்கிருந்து வரும்?

மொழி விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கையில் இருக்கிற வேதாகமத்தின் தமிழ் யார் தமிழ்? பெரும்பாலான சீர்திருத்தச் சபைகள் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871ல் வந்த மொழிபெயர்ப்பு. அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பில் கூடவே உட்கார்ந்து வேலை செய்தவர் ஆறுமுக நாவலர். வைதீகச் சைவர், சாதி ஆசாரத்தை விட்டுக்கொடுக்காதவர். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் 1829ல் புது மிஷனரிமார் செய்யும் கொடுமைகள் நான்கு என்று பட்டியல் போட்டார்: வேதத்தின் மொழிபெயர்ப்பைத் திருத்துவது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாய்ச் சேர்ப்பது, விசேஷங்களில் பூவை விலக்குவது, ஆராதனையில் இசையை விலக்குவது. முதல் ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் பாருங்கள். வேதத்தின் சொல்லைத் தொடாதே, என் சாதியையும் தொடாதே. மொழிச் சுத்தமும் சாதிச் சுத்தமும் நம்ம நாட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1995ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் வடமொழியைக் குறைத்துத் தமிழாக்கியது. நல்ல காரியந்தான். ஆனால் அது பள்ளிக்கூடத் தமிழ். எங்கம்மாவுக்கு 'இரட்சிப்பு'ம் தூரம், 'மீட்பு'ம் தூரம்.

இதை உடைத்தவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்று பேர் வைத்துக்கொண்டவர், 1940ல் பிறந்து 2005ல் மறைந்தவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்னவர். கிராமத்து மெட்டில், தப்பும் கும்மியுமாக, பேச்சுத் தமிழிலேயே ஆராதனை முறையைப் பண்ணினார். பரலோகத்தில் இருக்கிற பிதாவை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அம்மாவா அப்பாவா என்று பிரிக்காத சொல், சேரிப் பிள்ளையின் வாயில் இருக்கிற சொல். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் அவருடைய இறையியல். ஹேகினின் போதனையில் 'நான்' 'என்' என்றுதான் வாய் திறக்கும். அப்பாவுவின் ஆராதனையில் கூடிப் பாடினால்தான் சொல்லுக்கு உயிர். என் வரையில் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

அப்பாவுவையும் சும்மா தூக்கிவைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகள் எதிலும் அவர் பாட்டை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அது தென்மாவட்டப் பேச்சு, எங்க 'இன்னா'வுக்கும் 'கீது'வுக்கும் அதில் இடமில்லை. இன்னொன்று. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிப்பார்த்தேன், நம்ம பேச்சிலேயே சபையில் ஜெபம் பண்ணலாமே என்று. "போடா, ஏசப்பாவுக்கு மரியாத வேணாமா? நாலு பேரு முன்னால 'தேவரீர்'னு சொல்லத் தெரியலன்னா படிக்காதவன்னு நெனப்பாங்க" என்றாள். படித்தவன் எனக்குப் பேச்சுமொழி கலகம். அவளுக்கு அந்தப் புத்தகத் தமிழ் நல்ல புடவை மாதிரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உடுத்துவது. அதைக் கழற்றிப் போடச் சொல்ல நான் யார்? இதற்கு அப்பாவுவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

பாஸ்டர் எடுத்துக்காட்டும் அதே புத்தகத்துக்குத் திரும்பிப் போகிறேன். யோபு தன் பிறந்த நாளைச் சபித்தான். தோழர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, அப்படிப் பேசாதே, நல்லதாகப் பேசு என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யார் பேசியது சரி என்றார்? யோபு பேசியதுதான். தோழர்கள் பேசியதில்லை. அடுத்தது மாற்கு ஏழாம் அதிகாரம். பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த புறஜாதிப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது சரியில்லை என்கிறார் இயேசு. அவள் 'நான் ராஜாவின் பிள்ளை' என்று அறிக்கையிடவில்லை. நாய் என்று சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே விழுகிற துணுக்கு நாய்க்குத்தானே என்று எதிர்ப்பேச்சுப் பேசினாள். இயேசு மடங்கினார். அவள் பேசிய அந்தச் சொல்லுக்காகவே பிள்ளை குணமானது என்று இருபத்தொன்பதாம் வசனம் சொல்கிறது. நான் படித்தவரையில், இயேசுவிடம் வாதாடி ஜெயித்த ஆள் அவள் ஒருத்திதான். சுவிசேஷத்தில் வாய்ச்சொல்லின் வல்லமைக்கு இதைவிட நேரான இடம் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எங்க சபையில் இந்தப் பகுதியை எடுத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. எடுத்தாலும் அவள் தாழ்மையைத்தான் புகழ்வார்கள். தாழ்மையா அது?

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். "பாஸ்டரய்யா பேரு போட்டுக்கிறியா?" இல்லை என்றேன். "போடாத. ஆயா செத்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு அவுருதான் வந்தாரு. வேற எவன் வந்தான்?" வாஸ்தவந்தான். அவரும் நம்ம சனம்தான், அவர் பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கும். அவர் நாக்கையும் யாரோ கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

சபையில் அவள் அப்புறம் சாட்சி சொல்லவில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஜெபம் பண்ணுவாள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. அதில் தேவரீர் கிடையாது. "ஏசப்பா, நீ இன்னா பண்ணிக்கினுகீற அங்க? பதினோரு வர்சம் பாத்துக்கினுதான கீற? நாளைக்கும் அந்தப் பொம்பள பாட்டில கீயதான் வெப்பா. நான் எடுக்க மாட்டேன். தண்ணி இல்லாமலே வந்துருவன், பாத்துக்கோ."